முற்றத்தில் நின்ற டிரம்

பாட்டிலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, மெல்லச் சாய்க்கிறார். உள்ளே இருக்கும் மஞ்சள் டீசல் ஒரு பக்கம் சரிகிறது. அடியில் கோடு ஏதாவது தெரிகிறதா, முத்து முத்தாக ஏதாவது உருள்கிறதா என்று பார்க்கிறார். டிராக்டரின் சொந்தக்காரன் மங்கல் ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "என்ன மாமூ, சர்க்கரை இருக்கா, உப்பு இருக்கா? சீக்கிரம் ரிசல்ட்ட சொல்லு, உழவுக்கு நேரமாச்சு" என்கிறான். கரைமேட்டில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். பாட்டில்காரர் சிரிப்பதில்லை.

"நிக்க விடு" என்கிறார். "கலங்கியிருக்கு. கொஞ்ச நேரம் நிக்க விட்டாத்தான் எது எங்க இருக்குன்னு தெரியும்."

பிறகு பாட்டிலை டிராக்டர் சக்கரத்தின் நிழலில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். உழுகிறவனுக்கு அவசரம் இருந்தால் அது அவன் பாடு.

ஊரில் அவருக்குப் 'பாட்டில்' என்றுதான் பெயர். கயானாவில் எங்கள் கரையோரத்தில் பெற்றோர் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு சரி. அதன் பிறகு ஊர் வைப்பதுதான் பெயர். ஒருவர் செத்து, ரேடியோவில் மரண அறிவிப்பு வாசிக்கும்போதுதான் முழுப் பெயரையும் கேட்டுவிட்டு, அட, இவன் பேர் இதுவா என்று வாயைப் பிளப்போம். பாட்டிலின் பெயர் ஜெய்கரன். வெளியூர்க்காரர்கள் பட்டப்பெயரைக் கேட்டதும் மொடாக்குடியன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். மனிதர் ரம்மை வாயில் வைத்தவர் இல்லை. அந்தத் தட்டையான ரம் பாட்டில்கூட என் கடையில் கேட்டு வாங்கிப்போன காலிப் பாட்டில்தான். லேபிளைச் சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் கவிழ்த்துக் காயவைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ஒரு பக்கம் பை தொங்கிப்போய், அவருடைய எல்லாச் சட்டைகளும் ஒருக்களித்தே இருக்கும்.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நெடுநெடுவென்ற உடம்பு, முதுகில் ஒரு பிடிப்பு. குனிந்தால் நிமிர்வதற்குள் இரண்டு வார்த்தை பேசிவிடலாம். ஆனால் டிராக்டருக்கு அடியில் படுக்கச் சொன்னால் உடனே படுத்துவிடுவார். டாங்க்கின் அடித் திருகை விரலால் தொட்டே எவ்வளவு நாளாகத் திறக்காமல் கிடக்கிறது என்று சொல்வார். ஃபில்டருக்குக் கீழே இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி, முகர்ந்து, விரலில் தடவி, "அழுக்கு வேற, தண்ணி வேற. இது அழுக்கு. தொடச்சிட்டுப் போ" என்று ஒருவனிடம் சொல்வார். இன்னொருவனிடம், "இது தண்ணி. கிளப்பாத. கிளப்புனா பம்பு கடிச்சிரும்" என்பார். டீசலில் எண்ணெய்ப்பசை உண்டு, அதுதான் பம்புக்கு வழவழப்பு. தண்ணீருக்கு அது கிடையாது. பம்பு உலர்ந்து தன்னையே தின்றுவிடும்.

என் கடை அவர் வீட்டுக்கு எதிரே. நடுவில் ரோடு, ஒரு கால்வாய், அதன்மேல் பலகைப் பாலம். அதனால் அவரைப் பற்றி எனக்குத் தெரியாதது குறைவு. சாயங்காலம் வருவார். "அரை ரொட்டி குடு, தீதி" என்பார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் ஊரே என்னை அக்கா என்று கூப்பிடுவதால் அவருக்கும் நான் தீதிதான். இப்போது ஊரில் அரை ரொட்டி வாங்குகிறவர் அவர் ஒருவர்தான். மிச்ச அரையை யாரிடம் விற்பேன்? நானேதான் தின்கிறேன். இதைச் சொன்னால், "அப்ப உனக்கும் ராத்திரி சாப்பாடு ஆச்சு" என்பார். அவருக்கு வரும் வேடிக்கைப் பேச்சு அவ்வளவுதான்.

மனைவி துலாரி இருந்தவரை அந்த வீட்டிலிருந்து ரொட்டி வாங்க யாரும் வந்ததில்லை. பருப்பு ரொட்டி சுடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மாவு தேய்க்கிற சத்தம் என் கடை வரைக்கும் கேட்கும். ஒரே மகள் வினிதா டொராண்டோவில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வீட்டடியில் உட்கார்ந்து பேசுவார்.

"சாப்பிட்டியாப்பா?"

"ம்."

"தனியா என்ன பண்ற அங்க? நான்தான் வா வாங்கிறேன்ல."

"டிராக்டர் கெடக்கேம்மா."

டிராக்டர் கிடக்கத்தான் செய்கிறது. தார்ப்பாய்க்கு அடியில், பம்பைக் கழற்றிய இடத்தில் கந்தைத்துணி அடைத்து. அது ஓடி ஒன்றரை வருஷத்துக்கு மேலாகிறது. மகளிடம் அதைச் சொல்லவில்லை. ஊரார் டிராக்டரையெல்லாம் பார்க்கிறவர் தன் டிராக்டரைப் பார்க்கவில்லை என்று எங்களுக்குள் ஒரு கிண்டல் உண்டு. அவர் காது படப் பேசமாட்டோம்.

அந்த வீட்டடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகள் எல்லாம் கால்மேல் நிற்பவை. மேலே படுக்க, கீழே வாழ. சமையல், அரட்டை, கல்யாணம், சாவு எல்லாம் அடியில்தான். ஜெய்கரன் வீட்டடியில் சாக்கு தைத்துக் கட்டிய தூளி இரண்டு தொங்கும். ஒன்று அவருக்கு. இன்னொன்று லாம்பர்ட்டுக்கு.

லாம்பர்ட் மதகுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். சின்ன லாரியில் டிரம் டிரம்மாக டீசல் கொண்டுவந்து வயல்காரர்களுக்கு ஊற்றுவதுதான் அவன் பிழைப்பு. யானைக்குட்டி மாதிரி உடம்பு, அதற்கு ஏற்ற சிரிப்பு. ஜெய்கரன் வாசலுக்கு வந்ததும் இரண்டு தடவை ஹாரன் அடிப்பான். துலாரி ரொட்டிக்கல்லை அடுப்பில் போட அதுதான் அறிகுறி. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பெண்சாதி ஆக்கிய, தேங்காய்ப்பால் ஊற்றிய பட்டாணிச் சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வருவான். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு டாமினோ ஆடுவார்கள், பிறகு தூளியில் படுத்து ஒன்றும் பேசாமல் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை கயிறு அறுந்து லாம்பர்ட் தரையில் தொப்பென்று விழுந்தான். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான் சிரித்த சிரிப்பில் கல்லாவில் இருந்த சில்லறை சிதறியது. "முடிச்சு போடத் தெரியாதவன்லாம் விவசாயி" என்று அவன் தரையில் கிடந்தபடியே திட்டியதும், ஜெய்கரன் கண்ணில் நீர் வரச் சிரித்ததும் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் அப்படிச் சிரித்து நான் பிறகு பார்க்கவில்லை.

துலாரி போனது மழைக்கு முன்னால். சாவு வீடு என்றால் அடியைக் காலி செய்ய வேண்டும். ராத்திரி முழுக்க ஊர் வந்து உட்காரும், காப்பி குடிக்கும், சீட்டாடும், பஜனை பாடும். பெஞ்சு போட இடம் வேண்டும். வீட்டடியின் மூலையில் மரத் தாங்கியில் படுக்கவைத்திருந்த டீசல் டிரம்மை லாம்பர்ட்டும் இன்னும் இரண்டு பேரும் உருட்டிக்கொண்டுபோய் முற்றத்தில் நிமிர்த்தி வைத்தார்கள். முழு டிரம். அதற்கு முந்தின வாரம்தான் லாம்பர்ட் நிரப்பியது. தூளி இரண்டையும் அவிழ்த்துச் சுருட்டி உத்தரத்தில் செருகினார்கள். லாம்பர்ட் கையைத் தட்டிக்கொண்டே சொன்னது எனக்கே கேட்டது: "காரியம்லாம் முடியட்டும், ஜெய். உள்ள வைக்கணும்னா ஒரு குரல் குடு. ஒத்தையா உருட்டாத, முதுகு போயிரும்."

காரியம் முடிந்தது. பெஞ்சுகள் போயின. மகள் விமானம் ஏறினாள். ஜெய்கரன் தன் தூளியை மட்டும் எடுத்துக் கட்டினார். மற்றது உத்தரத்திலேயே இருந்தது. குரல் கொடுக்கவில்லை. கேட்டால் வந்திருப்பான், ஒரு நிமிஷ வேலை. துக்கத்தில் இருக்கிறவருக்கு ஒரு டிரம்மா பெரிது என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். லாம்பர்ட் ஹாரன் அடித்தால் இவர் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவனும் சில வாரம் பார்த்துவிட்டு, ஆறட்டும் என்று விட்டுவிட்டான். டிரம் முற்றத்தில் நின்றது. பகலில் வெயில், மத்தியானம் மழை, மறுபடி வெயில்.

அறுப்புக் காலம் வந்தது. வயலிலிருந்து ரோட்டுக்கு நெல் வண்டி வர ஒரே வழி, மண் கரைமேடு. ஒரு டிராக்டர் அகலம். அன்றைக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அறுத்த நெல்லை ஏற்றிக்கொண்டு எல்லாரும் முண்டியடித்து வெளியேறுகிற நேரம். முன்னால் ஜெய்கரனின் டிராக்டர், முற்றத்து டிரம்மிலிருந்து ஊற்றிய டீசலோடு. கரைமேட்டின் நடுவில் இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, நின்றது. இறங்கிக் கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே டீசலே இல்லை, தண்ணீர். அதைக் கொட்டிவிட்டு, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, கிளப்பினார். நாலடி போயிற்று, மறுபடி நின்றது. மறுபடி கழற்றினார். மறுபடி தண்ணீர், கூடவே தேயிலைத் தண்ணி நிறத்தில் ஒரு வழவழப்பு. மூன்றாம் தடவை கிளப்பியபோது பம்பு இறுகிவிட்டது. பின்னால் வரிசையாக மற்றவர்களின் வண்டிகள். மழை வந்து எல்லாருடைய நெல்லையும் அங்கேயே வைத்து நனைத்தது. தள்ளிவிடவும் முடியாமல், சுற்றிப் போகவும் முடியாமல், ஒரு வருஷ உழைப்பு கண்முன்னால் ஊறியது.

அன்று சாயங்காலம் எல்லாரும் என் கடையில் இருந்தார்கள், சேறும் எரிச்சலுமாக. லாம்பர்ட்டும் இருந்தான், ஒரு ஓரத்தில் உட்கார்ந்து மீன் பொரியல் தின்றுகொண்டிருந்தான். மங்கல் ஜெய்கரனைப் பார்த்துக் கத்தினான். "ஒரு டிராக்டர ஒழுங்கா வச்சிருக்கத் தெரியாதா? உன்னால எங்க பயிர் போச்சு. டாங்க்கில தண்ணி எப்படிய்யா வரும்?"

ஜெய்கரன் எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு ஏதாவது ஒரு வாசல் வேண்டியிருந்தது.

"விக்கிறவன் தண்ணி கலந்தா நான் என்ன பண்றது?" என்றார்.

லாம்பர்ட் மெல்லுவதை நிறுத்தினான்.

"என்ன சொன்ன?"

"உங்கிட்டதான வாங்கினேன். வேற யாருகிட்ட வாங்கினேன்?"

"ஜெய், துலாரி கெடந்தப்ப ராவெல்லாம் உன் வீட்டுல உக்காந்திருந்தவன்டா நான். அவளத் தூக்கின தோளுடா இது. நான் உனக்குத் தண்ணி ஊத்துவனா?"

ஜெய்கரன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கோபத்துல வந்துருச்சு என்று முணுமுணுத்திருந்தாலும் போதும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். லாம்பர்ட் பாதி மீனோடு தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். லாரி கிளம்பியது. ஹாரன் இல்லை.

லாம்பர்ட்டின் ஊர்க்காரர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், நாங்கள் மந்திர் என்கிற கோயிலுக்கு. தேர்தல் வந்தால் இரண்டு ஊரும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும்; முடிந்ததும் அவன் லாரியில் நம் நெல்லும், நம் கடையில் அவன் தட்டும் என்று ஆகிவிடும். ஆனால் ஒரு ஊர்க்காரன் பெயர் இன்னொரு ஊரில் கெட்டால் அது அவன் ஒருவன் பெயரோடு நிற்காது. அந்த வாரமே எங்கள் ஆட்கள் நியூ ஆம்ஸ்டர்டாம் டவுனிலிருந்து வரும் வேறொரு லாரியில் டீசல் வாங்க ஆரம்பித்தார்கள். "லாம்பர்ட் தண்ணி" என்று ஒரு வசவே பிறந்தது. டீயில் பால் குறைந்தால்கூட அதைச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் அவன் டிரம்களை விற்றுவிட்டுத் தேங்காய் ஏற்ற ஆரம்பித்தான். எங்கள் ரோட்டில்தான் போவான், வருவான். தலையைத் திருப்பமாட்டான்.

அந்தப் பாட்டில் வந்தது அதன் பிறகுதான். முதலில் அதை எதற்காகக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். சாட்சி தேடினார். ஊரில் யார் டாங்க்கிலாவது லாம்பர்ட் ஊற்றிய பழைய டீசல் மிச்சம் இருக்கிறதா என்று தேடித்தேடிப் போய், அடித் திருகைத் திறந்து, பாட்டிலில் பிடித்து, வெயிலில் பார்த்தார். இரண்டு மூன்று பேரிடம் இருந்தது. நிற்கவிட்டுப் பார்த்தார். சுத்தம். இன்னும் கொஞ்சம் நிற்கவிட்டார். சுத்தம். தான் சொன்னது உண்மை என்று காட்டிவிட வேண்டும் என்று அந்த மனிதர் பட்ட பாடு சொல்லி மாளாது. மதகைத் தாண்டிக்கூட போனார். லாம்பர்ட்டின் சொந்த ஊரில் ஒரு கிழவர் டாங்க்கைத் திறந்துகாட்டி, நன்றாகப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டாராம். அதிலும் ஒன்றும் இல்லை.

தேடுவது எப்போது பழக்கமாக மாறியது என்று சொல்ல முடியாது. காலையில் எழுந்தால் போக ஒரு இடம், பேச ஒரு விஷயம், அதனால் இருக்கலாம். வயல்காரர்களுக்கும் பயன்பட்டது. "கிளப்பறதுக்கு முன்னாடி அடித் திருகத் திற. ராத்திரியெல்லாம் நின்னது கீழ வந்திருக்கும்" என்று அவர் சொன்னபடி செய்தவர்களுக்கு அந்தப் போகத்தில் ஒரு டிராக்டர்கூட நிற்கவில்லை. ஆனால் யாரும் அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. வேலை முடிந்ததும் பாட்டிலைத் துடைத்துக்கொண்டு தனியாக நடந்துவருவார். அரை ரொட்டி வாங்குவார். மாடி விளக்கு எரியும், அணையும்.

போன மழைக்காலத்தில் மங்கலின் டாங்க்கில் தண்ணீர் வந்தது. உருண்டு திரண்ட தண்ணீர், பாட்டிலில் விரற்கடை உயரம். மங்கல் டீசல் வாங்குவது அந்த நியூ ஆம்ஸ்டர்டாம் லாரியில். "இவனும் கலக்குறானா?" என்று அவன் பல்லைக் கடித்தான். ஜெய்கரன் நேராக அவன் வீட்டு முற்றத்துக்குப் போனார். நாவல் மரத்தடியில் டிரம் நிமிர்ந்து நின்றது. மேல்தகட்டில் விளிம்பு வரைக்கும் மழைத் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார் என்று மங்கல் சொன்னான். "பேயறைஞ்ச மாதிரி நின்னாரு தீதி. அப்பறம் விறுவிறுன்னு போயிட்டாரு."

மறுநாள் நான் கண்ட காட்சி இது. மத்தியானம் நெருப்பு வெயில். ஜெய்கரன் தன் முற்றத்தில், ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, தன் டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மழை கொட்டியது. அப்படியே உட்கார்ந்திருந்தார். குடை இல்லை, தலையில் ஒரு சாக்குகூட இல்லை. சளி பிடித்தால் கஷாயம் வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார் இந்த மனிதருக்கு என்று எரிச்சலாக வந்தது. குடையை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டினேன். மழை அதற்குள் விட்டுவிட்டது.

"பாரு தீதி" என்றார். டிரம்மின் தலையில் தேங்கிய தண்ணீரில் ஒரு காய்ந்த இலை மிதந்தது. காற்றே இல்லை. இலை தானாக நகர்ந்து நகர்ந்து மூடியின் பக்கம் போய், அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் மெல்லக் குறைந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டும் வெளியே வழியவில்லை.

"உறியுது" என்றார். "வெயில்ல சூடாகி மூச்ச வெளிய விடுது. மழ பட்டுக் குளுந்ததும் உள்ள இழுக்குது. மூடி இறுக்கமாத்தான் இருக்கு. இருந்தும் இழுக்குது. யாரும் ஊத்தல, தீதி. யாருமே ஊத்தல."

மூடியைத் திறந்து, அடிவரைக்கும் குழாயை விட்டு உறிஞ்சி, பாட்டிலில் பிடித்தார். நிற்கவிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாதிக்கு மேல் தண்ணீர்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "போய் அவன்கிட்ட சொல்லுங்க. இப்பவே போங்க" என்றேன்.

"அவன்கிட்டயா நான் சொன்னேன்? உன் கடையிலதான சொன்னேன். அவன் பேரு அங்கதான் கெட்டுச்சு. அங்கதான் எடுக்கணும். அன்னிக்கு இருந்தவங்க எல்லாரும் இருக்கணும்."

இது நியாயமா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வருவார். தலைகளைப் பார்ப்பார். ஒருவன் குறைவான். "இன்னிக்கு வேணாம்" என்று அரை ரொட்டியோடு போய்விடுவார். அடுத்த சனிக்கிழமை இன்னொருவன் குறைவான். ஒருவன் அமெரிக்காவுக்கே போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முகம் தொங்கிப்போயிற்று. பாட்டில் மட்டும் பையிலேயே இருந்தது, இரண்டு நிறத்தில்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை எல்லாரும் இருந்தார்கள். லாம்பர்ட்டின் ஊர்க்காரன் ஒருவன்கூட உப்புமீன் வாங்க வந்திருந்தான். ஜெய்கரன் உள்ளே வந்து பாட்டிலைக் கல்லாவின்மேல், ரொட்டிக்கூடைக்குப் பக்கத்தில் வைத்தார். மேலே மஞ்சள், கீழே வெள்ளை, நடுவில் கத்தியால் கீறின மாதிரி கோடு.

"இது என் டிரம்மு" என்றார். "மேல இருக்கறது லாம்பர்ட் ஊத்துனது. கீழ இருக்கறது மழ."

"அப்ப மழமேல கேஸப் போடு மாமூ" என்றான் மங்கல். யாரும் சிரிக்கவில்லை.

"துலாரி காரியத்துக்கு வெளிய நிறுத்துனோம். நான் திரும்ப உள்ள எடுக்கல. எடுக்கக் கூப்புட ஆளில்லாம இல்ல. நான் கூப்புடல." பாட்டிலை எல்லாருக்கும் தெரியும்படி நகர்த்தினார். "அன்னிக்கு இங்க நான் சொன்னது பொய்யி. அவன் தண்ணி கலக்கல. அவ்வளவுதான்."

அரை ரொட்டி கேட்காமலே போய்விட்டார். பாட்டிலை எடுத்துப்போகவும் இல்லை. அதை நான் கல்லாமேலேயே வைத்திருந்தேன். வருகிறவன் போகிறவன் எல்லாம் எடுத்துச் சாய்த்துப் பார்த்தான். மங்கல் அதை இரண்டு தடவை பார்த்தான். பிறகு வீட்டுக்குப் போய், தன் டிரம்மின் ஒரு பக்கத்தில் கட்டையைச் செருகிச் சாய்த்து வைத்து, தண்ணீர் மூடிப் பக்கம் போகாதபடி செய்தானாம். ஒரு கட்டை. அது இல்லாததால்தான் இவ்வளவும்.

செய்தி மதகைத் தாண்டாமல் இருக்குமா? தாண்டியது. ஆனால் தேங்காய் லாரி வழக்கம்போலவே போயிற்று, வந்தது. ஹாரன் இல்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை. ஜெய்கரன் அதன் சத்தம் கேட்டால் தூளியிலிருந்து எழுந்து உட்காருவார். சத்தம் தேய்ந்ததும் படுத்துக்கொள்வார். அதைப் பார்க்கத் தாங்காமல் நான் அந்த நேரங்களில் கடையின் பின்பக்கம் போய்விடுவேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி என்ன என்று நானே லாம்பர்ட்மேல் கோபப்பட்டேன். ஒன்றரை வருஷம் தலை குனிந்து போனவன் அவன் என்பதும் ஞாபகம் வரும்.

போன வாரம் லாரி நின்றது. லாம்பர்ட் இறங்கி, குரல் கொடுக்காமல் பலகைப் பாலத்தைத் தாண்டி உள்ளே போனான். முற்றத்தில் டிரம்முக்கு முன்னால் போய் நின்றான். ஜெய்கரன் தூளியிலிருந்து எழுந்து வந்தார். நான் ரொட்டி வெட்டுவதை நிறுத்திவிட்டேன்.

"ஒரு குரல் குடுன்னு சொன்னேன்ல" என்றான் லாம்பர்ட்.

"சொன்ன."

"ஏன் கூப்புடல?"

ஜெய்கரன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அந்தப் பக்கம் புடி" என்றான் லாம்பர்ட்.

சாய்த்தார்கள், படுக்கவைத்தார்கள், உருட்டினார்கள். ஜெய்கரனின் முதுகைப் பார்த்து, பாரத்தையெல்லாம் லாம்பர்ட் தன் பக்கம் வாங்கிக்கொண்டது இங்கிருந்தே தெரிந்தது. வீட்டடியின் மூலையில், பழைய மரத் தாங்கியில் டிரம் போய் உட்கார்ந்தது. லாம்பர்ட் குழாயில் கையைக் கழுவினான்.

"தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார் ஜெய்கரன்.

"உன் வீட்டுத் தண்ணியா? வேணாம்பா, பட்டது போதும்."

சிரித்துக்கொண்டு சொன்னானா, முறைத்துக்கொண்டு சொன்னானா என்று தெரியவில்லை. முதுகுதான் எனக்குத் தெரிந்தது. உட்காரவில்லை. பாலம் தாண்டி வந்தான், லாரியில் ஏறினான், போனான். ஹாரன் அடிக்கவில்லை.

ஜெய்கரன் வீட்டடிக்குப் போய், ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, உத்தரத்தில் செருகிக் கிடந்த லாம்பர்ட்டின் தூளியை இழுத்தார். தூசி கொட்டியது, இருமினார். முற்றத்தில் வைத்து உதறினார். தன் தூளிக்கு எதிரே, பழைய இடத்தில், ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு அதைக் கட்டினார். இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி, கயிறு தாங்குகிறதா என்று பார்த்தார். தாங்கியது. தன் தூளியில் போய் உட்கார்ந்தார். ரோட்டைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, எதிர்த் தூளிக்கு இன்னொரு முடிச்சுப் போட்டார்.